வலது முட்டி, இடது முட்டி

பந்து விளையாட்டில் ஓடக் கற்றுக்கொள்வது சுலபம். காயம் பட்டு உட்காரக் கற்றுக்கொள்வதுதான் பெரும்பாடு. முட்டியில் கட்டோடு கூட்டாளிகளின் ஆட்டத்தை வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் என் கட்சி.

பாரோயில்

பெடாஸ் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து, பாரோய் திடலில் நடந்த மாநில இளையோர் கால்பந்து அணித் தேர்வுக்குப் போன ஒரே பெண் நான்தான். இடது ஓரத்தில் பந்தோடு கிளம்பினால் என்னைப் பிடிப்பது கஷ்டம் என்று பயிற்சியாளரே சொல்வார். தேர்வு ஆட்டத்திலும் ஒருத்தியைத் தாண்டத் திரும்பினேன். யாரும் மோதவில்லை. வலது முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம், விழுந்துவிட்டேன். என்னைத் தடுக்க வந்த மலாய்க்காரப் பெண் பயந்துபோய், நடுவரைப் பார்த்து அழுதுகொண்டே மலாயில் கத்தினாள்: "நான் தொடவே இல்லை, சார்!"

சிரம்பானில்

தசைநார் அறுந்திருந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து பல மாதம் முட்டிக்குப் பயிற்சி. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற அப்பா, என்னை மோட்டாரில் பின்னால் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோவார். முட்டியை மடக்கும்போது நான் கத்துவதைக் கேட்க முடியாமல் வெளியே போய் நிற்பார். ஒருநாள் டாக்டர், "நல்லா நடக்குறாளே, இது போதுமே" என்றார். அதிகம் பேசாத அப்பா அன்றைக்குப் பேசினார்: "நடக்க மட்டும்னா வீட்டுலேயே நடந்திருக்கும் டாக்டர். பிள்ளைக்கு ஓடணும்."

ரெம்பாவில்

ஓடினேன். ரெம்பாவில் ஒரு நட்புமுறை ஆட்டத்தில் இறங்கி கோல்கூடப் போட்டேன். கொஞ்ச நேரத்தில், உயரமாக வந்த பந்துக்குக் குதித்துத் தரையில் கால் வைத்தபோது இடது முட்டியில் அதே சத்தம். வலி வருவதற்கு முன்பே புரிந்துவிட்டது. "ஒன்னுமில்ல, சுளுக்குதான்" என்று எழப் பார்த்தேன். எங்கள் கோல்கீப்பர் மகேஸ் மறுமுனையிலிருந்து ஓடி வந்து, சேற்றிலேயே உட்கார்ந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "நடிக்காதடி. சுளுக்குன்னா இந்நேரம் எல்லாரையும் திட்டிக்கிட்டு இருப்ப லா."

வீட்டில்

இரண்டாவது சிகிச்சைக்குப் பிறகும் திடலில் இறங்கிப் பார்த்தேன். கால் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பந்து என்னிடம் வந்தாலே ஒதுங்கினேன். அந்தச் சத்தம் மறுபடி கேட்டுவிடுமோ என்ற பயம். மகேஸ் மாநில அணிக்குத் தேர்வானாள். அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு வந்து, அம்மாவிடம், "இனிமே விளையாடலம்மா" என்றேன்.

பொம்பளைப் பிள்ளைக்குப் பந்து எதற்கு என்று ஆரம்பத்திலிருந்தே சண்டை போட்டவர் அவர். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, என் இரண்டு முட்டியையும் தடவிக்கொண்டே அழுதார். "நிறுத்துன்னு சொன்னவ நான்தான். இப்படி நிறுத்தணும்னு சொல்லலியேம்மா."

நம்மைப் போன்றவர்களின் ஆட்டம் திடலில் சீக்கிரம் முடிந்துவிடும். மிச்சத்தை, முட்டியில் கை வைத்து ஏறும் ஒவ்வொரு மாடிப்படியிலும் ஆடிக்கொண்டிருக்கிறோம்.