வாசல் சரிவு

எங்கள் தெருவுக்குப் பொக்லைன் வந்தது ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாத நாளாகப் பார்த்து வந்ததற்காக அதன்மேல் எனக்குத் தனி மரியாதையே உண்டாயிற்று. அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அத்தையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அப்பாவின் தங்கை. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த போலியோவில் இரண்டு கால்களும் சூம்பிப்போயின. வீட்டுக்குள் கைகளை ஊன்றி நகர்வாள். வெளியே போக அரசாங்கம் கொடுத்த மூன்று சக்கர வண்டி இருந்தது. கையால் சுற்றி ஓட்டுவது. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய் வைத்திருந்த டெலிபோன் பூத்தில் அவளுக்கு வேலை. கேரளாவுக்குத் தோட்ட வேலைக்குப் போன புருஷன்மார்களோடு பேசுவதற்காகக் கரியாலூர்ப் பக்கத்திலிருந்து பெண்கள் மலையிறங்கி வருவார்கள். கசங்கிய துண்டுத்தாளில் இருக்கும் நம்பரை அத்தை போட்டுக் கொடுப்பாள். ரிசீவரைக் காதில் வைத்ததுமே அழ ஆரம்பிக்கிறவர்களும் உண்டு. அவர்களிடமிருந்து அதை வாங்கி, "உங்க வூட்டுக்காரம்மா நல்லாத்தான் கீறாங்க, அழுவறாங்க, அவ்ளோதான். நீங்க பேசிக்கினே இருங்க" என்று மறுமுனைக்குச் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். சாயங்காலம் அதையெல்லாம் எங்களுக்கு நடித்துக் காட்டுவாள்.

மழைத் தண்ணீர் உள்ளே வரக் கூடாதென்று எங்கள் தெருவில் எல்லா வீடுகளையும் உயர்த்திக் கட்டியிருந்தார்கள். வாசலை ஒட்டித் திறந்த சாக்கடை. காவா என்போம். அதன்மேல் ஆளுக்கொரு படிக்கட்டு. எங்கள் வீட்டில் மட்டும் படிக்குப் பதிலாகச் சிமெண்டுச் சரிவு. அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய அப்பா, கொத்தனாரோடு கூட நின்று கட்டியது. வண்டி ஏற வேண்டுமானால் சரிவு நீளமாக இருந்தாக வேண்டும். அதனால் மற்ற படிகளைவிட அது தெருவுக்குள் கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தது. காலையில் அதில் இறங்கும்போது அத்தை பிரேக்கைப் பிடிக்கவே மாட்டாள். அம்மா தினமும் திட்டுவாள்.

காவா அடைத்துக்கொண்டு தெருவே நாறியது. மேலே கட்டியிருப்பதை எடுத்துவிட்டுத் தூர் வார வேண்டும் என்று கேட்டதும் தெருக்காரர்கள்தான். அப்பாவும் அவர்களில் ஒருவர். சரிவும் அந்தக் கணக்கில் வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும்.

பொக்லைன் இரண்டு வீடுகளின் படிகளைப் பெயர்த்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தபோது, அத்தை வேலைக்குப் புறப்பட்டு வண்டியில் உட்கார்ந்திருந்தாள். பாதிச் சரிவு வரை இறங்கி, பிரேக்கைப் போட்டு நிறுத்திக்கொண்டாள்.

கூட வந்திருந்த அதிகாரி, "எறங்கிக்கம்மா, வேல நடக்கணும்" என்றார்.

"எறங்கறதுக்குத்தான் சார் இத்த கட்னதே. இத்த எடுத்துட்டா எப்பிடி எறங்குவேன்?"

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "படி இல்லீங்க சார், சரிவு. அவ வண்டிக்குங்க" என்றார். அதிகாரி வண்டியைப் பார்த்தார், அத்தையின் கால்களைப் பார்த்தார், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு டிரைவரிடம் அடுத்த வீட்டுக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். எனக்குப் பெருத்த ஏமாற்றம்.

மத்தியானத்துக்குள் தெருவில் எங்கள் சரிவு ஒன்றுதான் மிச்சம். எதிர் வீட்டு மளிகைக் கடைக்கார அம்மா உடைந்த படிக்கு மேலே நின்று சத்தம் போட ஆரம்பித்தாள். அத்தையும் அவளும் தினமும் சேர்ந்து உட்கார்ந்து சீரியல் பார்க்கிறவர்கள்.

"எங்குளுத ஒடச்சிட்டு அவங்குளுத மட்டும் இன்னாத்துக்கு சார் வுட்டீங்க? எனக்கு முட்டி தேஞ்சி போயி கீது. நான் மட்டும் குதிச்சா எறங்குவேன்?"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே நியாயம்தான் வேண்டும் என்றார் ஒருவர். அதிகாரி மறுபடியும் கைக்குட்டையை எடுத்தார். அத்தை வேலைக்குப் போகாமல் காலையிலிருந்து அந்த வெயிலில் வண்டியிலேயே இருந்தாள். மளிகைக் கடைக்கார அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிரேக்கை எடுத்தாள்.

"ண்ணா, உள்ள தள்ளு" என்றாள்.

பொக்லைன் சரிவை ஒரே கடியில் பிய்த்துத் தூக்கியது. தெருப் பிள்ளைகள் எல்லோரும் கை தட்டினோம்.

காவாவைத் தூர் வாரினார்கள். நாற்றமும் போயிற்று. ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு வீடு காவாவின் குறுக்கே கடப்பைக் கல்லைப் போட்டு, சுவரோரம் ஒரு படியும் வைத்துக்கொண்டார்கள். எடுத்துவிடக்கூடிய கல் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா ஆலையிலிருந்து, லாரியில் மூட்டை ஏற்றப் போடும் பலகையைக் கொண்டுவந்தார். காலையில் அவர் முன்னால் தாங்க, அம்மா பின்னால் பிடித்துக்கொள்ள, அத்தை அதில் இறங்கினாள். அப்போதெல்லாம் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

மழை பெய்த ஒரு காலையில் அப்பா ஆலைக்கு முன்னதாகவே போய்விட்டிருந்தார். அம்மா தனியாகப் பிடித்தாள். பலகை வழுக்கியது. அத்தை வண்டியோடு காவாவுக்குள் விழுந்தாள். முதலில் ஓடிவந்தது எதிர் வீட்டு அம்மாதான். தேய்ந்த முட்டியோடு சாக்கடைக்குள் இறங்கி அத்தையை வாரியெடுத்தாள். "என் ராசாத்தி, என் ராசாத்தி" என்று புலம்பிக்கொண்டே தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். அத்தை அழவில்லை. அம்மா உள்ளே தூக்கிப்போய்க் குளிப்பாட்டினாள்.

சாயங்காலம் அப்பா வந்ததும், "பாய்கிட்ட வேற ஆளு பாத்துக்கச் சொல்லிடுண்ணா" என்றாள்.

"வேற மாதிரி கட்டிப் பாக்கலாம்மா."

"எத்தினி வாட்டி கட்டுவ?"

அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

அத்தை வீட்டோடு இருந்துவிட்டதில் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். சடை பின்னிவிட ஆள் கிடைத்தது. மூன்று சக்கர வண்டியைக் கூடத்து மூலையில் நிறுத்தி அம்மா அதன்மேல் துணி காயப் போட்டாள். நானும் அதில் ஏறி உட்கார்ந்து, நின்ற இடத்திலேயே ஊரெல்லாம் சுற்றினேன்.

பள்ளிக்கூடம் பஸ் நிலையத்தைத் தாண்டி இருந்தது. நான் வந்து பையை வைத்ததும் அத்தை கேட்க ஆரம்பிப்பாள். நம் தெருமுனையில் யார் நின்றார்கள், டீக்கடையில் கூட்டமா, மலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டதா. வீட்டு வாசலில் தொடங்கி வரிசையாகப் பஸ் நிலையம் வரை சொல்ல வேண்டும். அவள் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். ஒருநாள் விளையாடப் போகிற அவசரத்தில், டீக்கடையிலிருந்து நேராகப் பஸ் நிலையத்துக்குத் தாவிவிட்டேன். அத்தை கண்ணைத் திறந்தாள்.

"பள்ளிவாசல் திருப்பத்த வுட்டுட்டியே கண்ணு. அங்கேர்ந்து சொல்லு."

முழுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. என் ஞாபகசக்தியை வளர்க்கத்தான் அத்தை இப்படித் தினமும் கேட்கிறாள் என்று நம்பினேன். தப்பில்லாமல் ஒப்பிக்க வேண்டுமே என்று, பள்ளிவாசல் திருப்பத்திலிருந்து மறுபடியும் தொடங்கினேன்.