டெவன்போர்ட் போர்க்கப்பலும் என்ர மகன்ர பங்கும்

ஊரில் இருந்து தாய் தகப்பனை ஒக்லாந்துக்குக் கூப்பிடுகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள், அன்ரி, அதிகம் செலவில்லாமல் ஒரு நாள் எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று. டெவன்போர்ட்டுக்குப் போங்கள் என்பேன். கடல் இருக்கிறது, மலை இருக்கிறது, மலையில் பெரிய பீரங்கி இருக்கிறது. நான் முதல்முதல் அங்கே போனது தொண்ணூறுகளின் கடைசியில், ஈஸ்டர் முடிந்து குளிர் தொடங்கின ஒரு சனிக்கிழமை. ஒரு கேள்வி கேட்கப் போனேன். கோபத்தோடு போய்க் கோபத்தோடு திரும்பி வந்தேன். எழுத்தில் அது தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், அடக்கி எழுத வராது.

என்ர மூத்தவன் யூட் பேசாலையில் கடலுக்குப் போகிறவன். மகளின் பிள்ளைப்பேறு பார்க்க நான் இங்கே வந்து நின்ற நேரம், கடலில் ஒரு படகு வந்து இவர்களின் வள்ளத்தைச் சுட்டது. யூட் போய்விட்டான். கூடப் போன இரண்டு பேரும் அவனைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சுட்ட படகு யாருடையது என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. வள்ளத்துக்குள் கிடந்த வெற்றுத் தோட்டாவில் இங்கிலிஸ் எழுத்து இருந்ததாம். தங்கச்சி போனில் சொன்னாள். சண்டையால் ஊருக்குப் போகிற பாதை பூட்டியிருந்தது, செத்த வீட்டுக்கும் நான் போகவில்லை.

இங்கிலிஸ் எழுத்தென்றால் எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் யாரோ சம்பளத்துக்கு நின்று அதைச் செய்திருக்கிறார்கள். யாரோ விற்றிருக்கிறார்கள், இல்லாவிட்டால் சும்மா கொடுத்திருக்கிறார்கள். நான் அப்போது வேலை விசாவில் பென்ரோஸில் ஒரு கிடங்கில் துப்புரவு வேலை செய்தேன். கிழமைக்குக் கிழமை சம்பளத்தில் வரி வெட்டுவார்கள். அந்த வரியில் ஒரு சதமாவது அந்தத் தோட்டாவுக்குப் போனதோ? எனக்கு அது தெரியவேண்டும். அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியைக் கிளப்பி விட்டது குசினி ரேடியோ. மருமகன் ஊரில் கணக்கு வாத்தியார், இங்கே பார்சல் வான் ஓட்டுகிறவர். காலையில் தேத்தண்ணியோடு, ஆட்கள் போன் எடுத்துச் சண்டை பிடிக்கிற நிகழ்ச்சியைக் கேட்பார். ஒருநாள் சொன்னார்:

"நாங்கள் எங்கட பங்கை ஒழுங்காக் குடுக்கிறேல்லயாம் மாமி."

"ஏன் தம்பி, ஃபாதர் பூசையில ஏசினவரோ? போன ஞாயிறும் நான் காணிக்கை போட்டனே!"

எங்கள் ஆட்களுக்குப் பங்கு என்றால் முதலில் கோயில் பங்குதானே. மருமகனுக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்துவிட்டது.

"அந்தப் பங்கில்லை மாமி. நாடுகளின்ட பங்கு. கூட்டாளி நாடுகள் சேர்ந்து ஆயுதம், கப்பல், ஆமி எண்டு செலவழிக்குதுகள். அந்தப் பாரத்தில நியூசிலாந்து தூக்கிறது காணாதாம். அணுக் கப்பலையும் உள்ளுக்க விடுறேல்ல. மற்றவன்ர குடைக்குள்ள ஓசியில நிக்குதாம்."

"அப்ப சீட்டுப் பிடிக்கிற மாதிரியோ?"

"ஓம், கிட்டத்தட்டச் சீட்டுத்தான்."

"சீட்டு ஆருக்கு விழுகுது?"

"அப்பிடி விழாது மாமி. சண்டை வந்தா ஆளுக்காள் உதவி."

"வராட்டி?"

மருமகன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

அந்தக் கிழமைதான், டெவன்போர்ட்டில் புதுப் போர்க்கப்பலைச் சனங்கள் ஏறிப் பார்க்க விடுகிறார்கள் என்று அதே ரேடியோ சொன்னது. என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ என்றேன். மாமி ஒருமாதிரி வெளியே வரப் பார்க்கிறா என்று மருமகனுக்குச் சந்தோசம். மகள் கைக்குழந்தையோடு வீட்டில் நின்றுவிட்டாள்.

எங்கள் வீடு ஏவன்டேலில், அங்கிருந்து ரயிலும் ஓடியது. சனிக்கிழமை ரயிலை நம்பாமல் நாங்கள் பஸ் எடுத்தோம். கிரேட் நோர்த் ரோட்டால் நகரத்துக்கு முக்கால் மணித்தியாலம் பிடித்தது. டிரைவர் பிஜிக்காரர். நாங்கள் கதைத்ததைக் கேட்டுவிட்டு, "அம்மா, நம்ம தாத்தா ஆர்க்காட்டு ஆளு. தமிள் கொஞ்சம் கொஞ்சம்" என்றார். எங்கே போறீங்க என்று கேட்டார். போர்க்கப்பல் பார்க்க என்றேன். "ஐயோ, சண்டை வேணாம்மா, திரும்பி வாங்க" என்று சிரித்தார். இறக்குகிற இடத்தில் இருந்து படகுத்துறை பார்வைத் தூரம். போக வர ஆளுக்கு ஏழு டொலர் எடுத்ததாக ஞாபகம், இப்போது கூடியிருக்கும். பன்னிரண்டு நிமிசத்தில் அக்கரை.

யூட் போனபிறகு நான் ஏறின முதல் படகு அது. எஞ்சின் உறுமினவுடன் கை தன்பாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டது. மருமகன் அதைக் கண்டார். உள்ளே இருந்தால் டீசல் மணக்கும், மேல்தட்டில் இருந்தால் காற்று அறையும். நான் மேலே இருந்தேன்.

இறங்கி இடது பக்கம் கரையோரமாக நடந்தால் கால் மணித்தியாலத்தில் கடற்படைத் தளம். வாசலில் பாணுக்குள் சொசேஜ் வைத்து விற்றார்கள், பிள்ளைகளுக்கு பலூன் கொடுத்தார்கள். திருவிழா மாதிரி. கொலைச் சாமானுக்கு பலூன் கட்டி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு அங்கேயே பத்திக்கொண்டு வந்தது. கப்பலில் ஏறினோம். அங்கே சின்னப் பிள்ளைகளைத் தகப்பன்மார் தூக்கிப் பீரங்கிக் குழாயைத் தொட்டுப் பார்க்க விட்டார்கள். கப்பலின் தரையைப் பார்த்தேன். நல்ல துப்புரவு. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆட்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றது ஒரு மவோரிப் பெட்டை, இருபது வயது இருக்கும். மருமகன் தமிழில் எனக்குச் சொன்னார். இது அவுஸ்திரேலியாவோடு சேர்ந்து செய்விக்கிற கப்பலாம், மொத்தம் பத்து, எட்டு அவர்களுக்கு, இரண்டு எங்களுக்கு. "எங்கட பங்கு ரெண்டு மாமி. ரெண்டே கூட எண்டு கொஞ்சப் பேர் கத்தினவை, ரெண்டு காணாது எண்டு கூட்டாளிமார் கத்தினவை."

நான் என்ர கேள்வியை மெதுவாகச் சொன்னேன். என்ர மகனைச் சுட்ட தோட்டா இவர்களிடம் இருந்தோ, இவர்களின் கூட்டாளியிடம் இருந்தோ போனதோ என்று கேளுங்கோ தம்பி.

மருமகன் தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலிசில் ஏதோ கேட்டார். பெட்டை சிரித்தாள். தன்ர கம்பளி ஜேர்சியை இழுத்துக் காட்டினாள், கையைத் தேய்த்துக் காட்டினாள்.

எனக்கு இங்கிலிஸ் தெரியாதுதான். ஆனால் செத்த பிள்ளையைப் பற்றிக் கேட்டால் ஒருத்தரும் ஜேர்சியை இழுத்துக் காட்டமாட்டார்கள் என்று தெரியும்.

"என்ன கேட்டனீர்?"

"கடல்ல குளிருமோ எண்டு கேட்டனான் மாமி."

"நான் அதையோ கேக்கச் சொன்னனான்?"

"மாமி, மெல்லக் கதையுங்கோ. உங்கட நிரந்தர விசா இன்னும் வரேல்ல. இது நேவிக் காம்ப்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டையின் கையைப் பிடித்தேன். பென்ரோஸில் பொறுக்கின இங்கிலிஸ் எல்லாவற்றையும் கூட்டி வைத்துக் கேட்டேன். "மை சன். ஃபிஷ் போட். அனதர் போட் கம், ஷூட். மை சன் டெட். யூ கிவ் தட் புல்லட்? யுவர் ஃப்ரெண்ட் கிவ்?"

எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் கையை இழுக்கவில்லை. "ஐ டோன்ட் நோ, ஆன்ட்டி" என்றாள். பிறகு, "ஐ ஆம் சோ சொறி." அவளுக்குக் கண் சிவந்துவிட்டது. அவளில் எனக்குக் கோபம் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பிள்ளை.

வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் கதைத்தார். இந்த முறை மருமகன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளபடி சொன்னார்: "இந்த நாடு குடுத்திருக்கும் எண்டு தான் நினைக்கேல்லயாம். ஆனா கூட்டாளிமார் ஆருக்கு என்ன விக்கிறினம் எண்டது அவையின்ட விசயமாம். அதைப் பற்றித் தன்னால ஒண்டும் சொல்லேலாதாம்."

"சீட்டுக் கட்டேக்க கூட்டாளி. காசு எங்க போகுது எண்டு கேட்டா அவையின்ட விசயமோ? இதை அவருக்குச் சொல்லும்."

மருமகன் சொன்னார். எப்படிச் சொன்னாரோ தெரியாது. பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நாங்கள் இறங்கிவிட்டோம்.

எங்கள் கரையிலும் பங்கு இருக்கிறது. பிடிபட்ட மீனைப் பிரித்தால் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, தொழிலுக்குப் போன ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பங்கு. தொழிலுக்குப் போன இடத்தில் ஒருத்தன் செத்தால் ஆண்டுத் திவசம் வரைக்கும் அவனுக்கும் பங்கு வைப்பார்கள். யூட்டின்ட பங்கைக் கூட்டாளிப் பெடியள் தங்கச்சியிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள், அவள் அதில் பூசை ஒப்புக்கொடுத்தாள். உடுக்க மாற்றுச் சாரம் இல்லாத பெடியள் அவர்கள். எந்த மீன் எந்த வியாபாரிக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். இத்தனை பெரிய நாடுகளுக்குத் தெரியாதாம்.

பசித்தது, ஆனால் சாப்பிட மனம் இல்லை. கடைத்தெருவுக்குப் பின்னால் மவுண்ட் விக்டோரியா. சின்ன மலை, மெதுவாக ஏறினாலும் இருபது நிமிசம், அனுமதி இலவசம். உச்சியில் பழைய காலத்துப் பீரங்கி ஒன்று குழிக்குள் இருக்கிறது. ரஷ்யாக்காரன் வரப்போகிறான் என்று பயந்து வைத்ததாம். ரஷ்யாக்காரன் வரவேயில்லை. மருமகன் கேள்விப்பட்ட கதை ஒன்று சொன்னார்: அதை ஒரே ஒரு தரம்தான் வெடிக்க வைத்தார்களாம். சுற்றியிருந்த வீடுகளில் யன்னல் கண்ணாடி உடைந்து, சனம் சண்டைக்கு வந்துவிட்டதாம். அதோடு நிறுத்திவிட்டார்களாம். உண்மையோ பொய்யோ தெரியாது.

நான் அந்தக் குழியின் விளிம்பில் இருந்து சத்தம் போட்டு அழுதேன். கண்ணாடிக்குக் கேட்க ஆள் இருந்திருக்கிறது. என்ர பிள்ளைக்குக் கேட்க ஒருத்தரும் இல்லை.

மருமகன் பக்கத்தில் வந்து இருந்தார். "மாமி, நான் பயந்திட்டன். உங்களை அனுப்பிப் போட்டா, பிறகு..."

"அனுப்பட்டும். போய் என்ர பிள்ளையின்ட குழியைப் பாக்கிறன். தம்பி, என்னைக் காப்பாத்துறன் எண்டு என்ர வாயை மூடாதையும்."

திங்கட்கிழமை காலை ரேடியோவில் அதே கதை. இந்த நாடு கூட்டாளிகளின் பாரத்தில் தன் பங்கைத் தூக்கவில்லை என்று ஒருவர் முழங்கினார். மருமகன் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனைச் சுழற்றினார். கனநேரம் காதில் வைத்துக்கொண்டு நின்றார், வேலைக்கும் பிந்திவிட்டது. பிறகு திரும்பி என்னிடம் நீட்டினார். "இந்தாங்கோ மாமி. நீங்களே கேளுங்கோ."

கேட்டேன். கப்பலில் கேட்ட அதே இங்கிலிஸ். ஒரு கேள்வி மட்டும் கூட்டினேன்: "ஹூ கீப் மை சன் ஷெயார்?" பிறகு டயர் விளம்பரம் போட்டார்கள்.

எனக்கு விசா வந்தது, ஒருவரும் என்னை அனுப்பவில்லை. டெவன்போர்ட்டுக்குப் போகிறவர்கள் காற்றுக்கு ஜேர்சி எடுத்துப் போங்கள், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனால் மலையில் இருந்து சாப்பிடலாம், வயதானவர்களுக்கு மழை நாளில் மலை வழுக்கும். கப்பல் எப்போதாவதுதான் திறப்பார்கள், கேட்டுவிட்டுப் போங்கள். தாய் தகப்பன் எதையாவது கேட்டால் கேட்டதை அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள், குளிருமோ என்று மாற்றாதீர்கள்.

அந்தத் தோட்டாவுக்கு யார் யார் சீட்டுக் கட்டினார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் கீழே எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். இடையில் ஒருத்தரும் நிற்காமல் நானே வாசிக்கவேண்டும்.