சிவப்புத் துணி கட்டிய கத்தரிக்காய்

அறிவுச்செல்வி டீச்சர் கரப்பான்பூச்சிக்கு மட்டும்தான் பயப்படுவார். உயிரியல் டீச்சருக்கு அது அழகில்லைதான். பிள்ளைகள் வெளியே சொன்னதில்லை.

அன்று தலைமையாசிரியர் ஒரு ஸ்டேப்ளரை நீட்டினார்.

"பத்தாம் வகுப்பு பரிணாமப் பாடத்தை எல்லாப் புத்தகத்துலயும் பின் அடிச்சு மூடிருங்க டீச்சர். பெற்றோர் சங்கத் தலைவர் சண்டைக்கு வந்துட்டாரு."

"அப்ப எனக்கு இங்க வேலையில்ல சார்."

"வெள்ளிக்கிழமை கூட்டம். அவரு ஒத்துக்கிட்டா நடத்துங்க."

டீச்சர் ஸ்டேப்ளரை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். ஆனால் பின் அடிக்கவில்லை.

சங்கத் தலைவர் இருதயநாதன் கத்தரித் தோட்டக்காரர். கூட்டத்தில் ஒரு பூட்டை மேசைமேல் 'டொம்'மென்று வைத்தார்.

"திண்டுக்கல் பூட்டு டீச்சர். தானா உண்டாச்சா? பூட்டுக்கே செஞ்சவன் ஒருத்தன் வேணும்னா, கண்ணுக்கு வேணாமா?"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. டீச்சர் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அருமையான பூட்டுண்ணே. எப்ப குட்டி போடும்?"

கூட்டம் சிரித்தது. இருதயநாதன் முகம் மட்டும் இறுகியது. சிரிப்பை நம்பினால் பாடம் போய்விடும் என்று டீச்சருக்குப் புரிந்தது. டீச்சரும் தோட்டத்தில் வளர்ந்தவர்தான்.

"அண்ணே, உங்க தோட்டத்துல சிவப்புத் துணி கட்டுன காயை நான் பறிச்சுக் குழம்பு வச்சா?"

"கையை ஒடிச்சுருவேன்! அது விதைக்கு விட்ட காயாச்சே!"

"ஏன், மத்த காயில விதை இல்லையா?"

"இருக்கு. ஆனா நல்லதைப் பொறுக்கி விதைச்சாத்தான நல்லது வரும்? எங்கய்யா காலத்துல காம்புல அம்புட்டு முள்ளு. பொறுக்கிப் பொறுக்கியே இப்ப முள்ளே..."

வாய் பாதியில் நின்றது.

"தோட்டத்துல துணி கட்டுறது நீங்க," என்றார் டீச்சர் மெதுவாக. "காட்டுல கட்டுறது வெயிலும் பூச்சியும். எது தாங்குதோ அதோட பிள்ளைக நிக்கும். பன்னெடுங்காலம் அப்படியே போனா செடியே வேறயாயிரும். கண்ணும் அப்படித்தான், கொஞ்சங்கொஞ்சமா."

"அப்ப... கடவுள்?" குரல் இறங்கியிருந்தது.

"அதப் பத்தி என் பாடம் பேசவே இல்லண்ணே. உங்க ஜெபத்துக்குள்ள நான் வரல. என் வகுப்புக்குள்ள நீங்க வராதீக."

இருதயநாதன் பூட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"நடத்துங்க டீச்சர். எம் மவளும் அந்த வகுப்புலதான் இருக்கா."

திங்கட்கிழமை அந்த மகள் பழுத்து மஞ்சளாகிப்போன ஒரு கத்தரிக்காயை மேசையில் வைத்தாள். காம்பில் சிவப்புத் துணி.

"அப்பா குடுத்தாரு டீச்சர். பாடம் முடிஞ்சதும் திருப்பிக் கொண்டாரணுமாம். குழம்பு வச்சிராதீகன்னாரு."

வகுப்பு சிரிப்பில் அதிர்ந்தது. டீச்சர் பரிணாமப் பாடத்தை விரித்தார். மின்விசிறிக் காற்றில் பக்கம் மூடப் பார்த்தது. கைப்பையிலிருந்து ஸ்டேப்ளரை எடுத்து அதன்மேல் பாரமாக வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.