பெண் நாயும் காவல் நாய்தான்

1. கடல் சோதனைக்குப் போகும் குழுவில் என்னைச் சேர்க்கவில்லை.
2. ஏன் என்று கேட்டேன். மேலாளர் பழைய கிரேக்கத்திலிருந்து பதில் சொன்னார்.
3. அதே கிரேக்கத்தை வைத்து மறுத்தேன். கைதட்டினார்கள்.
4. மறுநாள் அதையே விண்ணப்பமாக எழுதிக் கொடுத்தேன். ஒருவரும் கைதட்டவில்லை.

வங்காளத் துறைமுகப் பகுதியான கார்டன் ரீச்சில் ஒரு சிறிய தனியார் அலுவலகத்தில் கப்பல்களுக்குக் குழாய் வரைபடம் போடுகிறேன். புதுக் கப்பலைக் கடலுக்குக் கொண்டுபோய் எந்திரங்களை முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதுதான் கடல் சோதனை. பம்பு அறைக் குழாய்கள் முழுக்க நான் வரைந்தவை. என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஆண்கள் இருவரும் போவதாக இருந்தது.

மாலைத் தேநீர் வேளையில் எங்கள் அலுவலகத்தில் 'அட்டா' நடக்கும். அரட்டைதான், ஆனால் இந்த ஊரில் அதற்குத் தனி மரியாதை. அதில் மேலாளரை யாரும் எதிர்த்துப் பேசலாம். தேநீர் குடித்த மண் குவளையைத் தூக்கிப் போட்டதும் பேச்சு முடிந்துவிட வேண்டும். வேலைக்குள் அதைக் கொண்டுவரக் கூடாது. யாரும் எழுதி வைக்காத, எல்லோருக்கும் தெரிந்த விதி.

மேலாளர் துறைமுக ஊழியர் வீட்டுத் தமிழர். இங்கேயே வளர்ந்தவர். கிரேக்கத் தத்துவம் என்றால் அவருக்குத் தேநீர் ஆறிப்போகும்.

"நீதின்னா என்னம்மா? அவனவன் அவனவன் வேலையப் பாக்கறது. அன்னிக்கே சொல்லிட்டான் கிரேக்கன். உன் வேலை வரையறது. கப்பல்ல உனக்கென்ன வேலை?"

"அதே ஆளுதான் சார் கேக்கறாரு, காவலுக்கு ஆண் நாய், பெண் நாய்னு பிரிச்சா வெக்கறோம்னு. திறமை இருந்தா பொம்பளைக்கும் அதே பயிற்சி, அதே வேலைன்னு."

"அப்போ நீ நாயா?"

"காவல் நாய் சார். கடிக்கும்."

அவரே அதை வங்க மொழியில் மற்றவர்களுக்குச் சொல்லிச் சிரித்தார். நான் விடவில்லை.

"கட்டில் செய்யற தச்சனுக்குக் கட்டிலைப் பத்திக் கொஞ்சமாவது தெரியும், அதைப் படமா வரையறவனுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னும் அவருதான் சொன்னாரு. புல்லாங்குழல் நல்லதான்னு வாசிக்கறவனைத்தான் கேக்கணுமாம். பம்பு ஓடறதைப் பாக்காமலே பம்பு ரூமை வரையறேனே, நான் யாரு சார்?"

அதையும் அவர் மொழிபெயர்த்ததும், "தாருண்!" என்று யாரோ ஒருவர் கத்தினார். பிரமாதம் என்று அர்த்தம். மேலாளரும் கைதட்டினார். "சரி, நீ ஜெயிச்சே போ."

மறுநாள் விண்ணப்பத்தைப் படித்தபோது அவர் முகம் மாறிவிட்டது.

"அட்டாவ எதுக்கும்மா ஆபீசுக்குள்ள கொண்டு வர்றே? கப்பல்ல ராத்தங்கணும். தனி ரூம் கிடையாது. உங்கப்பாவுக்கு நான்ல பதில் சொல்லணும்?"

"அப்பாகிட்ட நான் பேசிட்டேன் சார். ரூம் வேண்டாம். ஒரு திரை போதும்."

கையெழுத்துப் போடாமல் விண்ணப்பத்தைக் கோப்புத் தட்டில் வைத்தார். முந்தின நாள் கைதட்டியவர்கள் மதியச் சாப்பாட்டில் என் பக்கம் திரும்பவில்லை. இந்த ஊரில் பிறந்தவள் இப்படிச் செய்யமாட்டாள் என்றார் ஒருவர். நான் இந்த ஊரில்தான் பிறந்தேன். விதி தெரிந்தேதான் மீறினேன். தேநீர் தீரும் வரை மட்டும் செல்லுபடியாகிற நீதி எனக்கு எதற்கு?

கப்பல் நானில்லாமல் போய்த் திரும்பியது. இனிமேல் கட்டப்போகும் ஒரு கப்பலுக்கு வேறொருவர் வரைந்த பம்பு அறை வரைபடம் சரிபார்க்க என் மேசைக்கு வந்தது. மூலையில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம். இதற்கு முன் யோசிக்காமல் கையெழுத்திட்டிருக்கிறேன். இந்த முறை இடவில்லை.

"என்னம்மா இது, அடமா?"

"தெரியாததைத் தெரியும்னு சொல்றவன் நல்லவனா இருக்க முடியாதுன்னு நீங்கதானே சார் சொல்லுவீங்க? ஓடறதப் பாத்தா போடறேன்."

"அது அட்டாவுல சொன்னது."

"எனக்கு ரெண்டு இடத்துலயும் ஒரே காதுதான் சார்."

அவரே அந்தக் கட்டத்தில் கையெழுத்திடலாம். இதுவரை இடவில்லை. விண்ணப்பத்தை நிராகரிக்கவும் இல்லை. மழைக்காலம் முடிந்ததும், கட்டி முடிந்த இன்னொரு கப்பல் கடல் சோதனைக்குப் போகிறது. அந்தக் குழு இன்னும் முடிவாகவில்லை.