சில்லுக்கு மேலே மூன்று மூட்டை

போன வருடம், சிறுபோக வெள்ளாமை வெட்டி முடிந்து, மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த நாட்களில் மட்டக்களப்பு நகரிலிருந்து கல்குடாவுக்குப் போன பயணம் இது. பெரிய தூரமில்லை. ஆனால் என் மனைவிக்கு இரண்டு வருடமாகப் போக முடியாத தூரம்.

இடுப்பு எலும்பு உடைந்து சத்திரசிகிச்சை செய்த பிறகு அவளால் அரை மணித்தியாலத்துக்கு மேல் உட்கார முடியாது. படுக்க வேண்டும். உயரமான கழிவறை வேண்டும். பிறத்தியார் வீட்டில் இதையெல்லாம் கேட்க அவளுக்குக் கூச்சம். பிறந்த ஊர் கல்குடா. கடலைப் பார்க்க வேண்டும் என்று அடிக்கடி சொல்வாள். வா போவோம் என்றால் வேண்டாம் என்பாள்.

வழி கண்டுபிடித்தவர் கொழும்பில் வைத்தியராக இருக்கும் மருமகன். ஒரு சிறிய கேம்பரை வாடகைக்கு எடுத்து, தன் சொகுசு ஜீப்பில் கொளுவி இழுத்து வந்துவிட்டார். கேம்பர் என்றால், கட்டிலும் கழிவறையும் வைத்து இரண்டு சில்லில் ஓடும் குட்டி அறை. ஜீப்போ பெற்றோலிலும் ஓடும், வீட்டு பிளக்கில் சார்ஜ் ஏற்றினால் மின்சாரத்திலும் ஓடும். வழியில் நிறுத்தி நிறுத்தி மாமி படுத்துக்கொள்ளலாம் என்றார். மனைவி ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்.

"வழியில ஏதும் கரச்சல் வந்தா நான் திரும்பிருவன். பிறகு ஒரு இடத்துக்கும் என்னக் கூப்பிடப்படாது."

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நான் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர். எண்ணாமல், நிறுக்காமல் எதையும் விட மாட்டேன். ஜீப்பின் கைநூலை எடுத்து வைத்து வாசித்தேன். இவ்வளவு பெரிய ஜீப் எதையும் இழுக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்படியில்லை. பெரிய பற்றரியையும் சேர்த்துச் சுமப்பதால், பெற்றோலில் மட்டும் ஓடும் அதே ஜீப்பை விட இது குறைவாகத்தான் இழுக்கலாம். இன்னொன்று, கேம்பரின் மூக்கு ஜீப்பின் கொளுக்கியை அளவாக அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். பாரம் பின்னுக்குப் போனால் மூக்கு இலேசாகும். இலேசானால் கேம்பர் ஓட்டத்தில் வாலை ஆட்டத் தொடங்கும்.

ஆள் நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து, அதன்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கேம்பரின் மூக்கை அதில் இறக்கிப் பார்த்தேன். ஐம்பத்தைந்து கிலோ. சரியான அளவு.

"மாமா, அப்பிடியே கேம்பருக்கு பிறஷரும் சுகரும் பாத்திட்டா வெளிக்கிடலாம்" என்றார் மருமகன். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் தராசை ஜீப்புக்குள் ஏற்றினேன்.

முதலில் வவுணதீவுக்குப் போய் மனைவியின் தங்கையை, என் மச்சாளை, ஏற்ற வேண்டும். அங்கேதான் கணக்குப் பிழைத்தது. வயல் வட்டையிலிருந்து புது நெல் வந்து, குற்றிய அரிசியும் தயாராக இருந்தது. வயல் பக்கத்திலிருந்து கடற்கரைச் சொந்தங்களிடம் வெறுங்கையோடு போகும் வழக்கம் எங்களிடம் இல்லை. போகும்போது அரிசியும் தயிரும், வரும்போது கருவாடு. ஒரே ஒரு மூட்டை, அதுவும் சில்லுக்கு நேர் மேலே என்று இடத்தைக் காட்டிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனேன்.

திரும்பி நகரம் தாண்டி, மர நிழலில் நிறுத்தினோம். மனைவி கேம்பர் கட்டிலில் படுத்து எழும்பி, "நல்லாத்தான் இரிக்கு" என்றாள். அதைக் கேட்டு எனக்கே கொஞ்சம் பயம் போனது.

சித்தாண்டி கழிந்ததும் வெட்டை வெளி. இடப் பக்கமிருந்து கச்சான் அடித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் ஹோர்ன் அடித்தபடி எங்களை முந்தியது. கேம்பர் ஒரு பக்கம் இழுத்தது, பிறகு மறுபக்கம். அடுத்த ஆட்டம் இன்னும் பெரிது. ஜீப்பின் பின்பக்கமும் சேர்ந்து ஆடியது. மருமகனின் கால் பிறேக்குக்குப் போகப் பார்த்தது.

"பிறேக் பிடியாதிங்க! ஸ்டியரிங்க நேரா பிடிங்க. கால மெல்ல, மெல்ல எடுங்க!"

அக்சிலரேற்றரிலிருந்து சடாரென்று காலை எடுத்தாலும் ஆபத்துத்தான். கால் எடுத்தவுடன் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்ற இந்த ஜீப் தன்னைத்தானே இழுத்துப் பிடிக்கும்; அது பிறேக் பிடித்த மாதிரி. அவர் நான் சொன்னபடியே செய்தார். இடம், வலம், இடம். ஒவ்வொரு ஆட்டமும் முன்னையதை விடச் சிறிதாகி அடங்கியது. ஓரமாக நிறுத்தினோம்.

மனைவி தங்கையின் கையை இறுகப் பிடித்திருந்தாள். திரும்புவோம் என்ற சொல் அவள் வாய்வரை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவள் சொல்வதற்கு முன் நான் தராசோடு இறங்கினேன்.

பதினெட்டுக் கிலோ.

"பின்னுக்கு ஐம்பது, அறுபது கிலோ கூட இரிக்கு. ஆர் வைச்ச?"

மச்சாள் தலை குனிந்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சா விடமாட்டீங்க எண்டுதான் அத்தான்..." கட்டிலுக்குக் கீழே, பின்புறமாகத் திறக்கும் பெட்டிக்குள் இருபத்தைந்து கிலோ மூட்டைகள் இரண்டும் ஆறு தயிர்ச்சட்டிகளும் ஒளிந்திருந்தன. ஒரு சட்டி உடைந்து தயிர் ஓடியிருந்தது.

மனைவி என்னைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். திடீரென்று சிரித்தாள். "திறந்து பாக்காமலே கண்டுபிடிச்சிட்டாரு, பாத்தியாகா? சரி, எல்லாத்தையும் இவர் சொல்ற இடத்தில வையுங்க. கடல் இன்னும் தூரம்."

அந்த வழியே உழவு இயந்திரத்தில் வந்த இரண்டு பேர் கைகொடுத்தார்கள். மூன்று மூட்டைகளும் சில்லுக்கு மேலே வரிசையாக இருந்தன. மிஞ்சிய சட்டிகள் அவற்றின் இடுக்கில். மறுபடி மூக்கை இறக்கினேன். ஐம்பத்தைந்து! நான் உரத்துச் சொன்னதும் மருமகன் நடு வெயிலில் நின்று கை தட்டினார். பிறகு பஸ்கள் முந்தின, லொறிகள் முந்தின. கேம்பர் அசையவில்லை.

கல்குடாவில் மணலில் இறங்காமல், இறுகிய தரையில் நிறுத்தினோம். யன்னலைத் திறந்தால் கடல். மனைவி படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயந்தரம் தானாக எழும்பி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நனைந்த மணல்வரை நடந்தாள். அலை வந்து காலை நனைத்தபோது சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினாள்.

அடுத்த நாள் புறப்படும்போது சொந்தங்கள் கருவாட்டுப் பைகளோடு பின் பெட்டியைத் திறக்கப் போனார்கள். ஊன்றுகோலை நீட்டி மறித்தது மனைவி.

"அங்க வைக்கப்படாது, சில்லுக்கு மேல வையுங்க. இவர் நிறுத்துப் பாத்து ஓம் எண்ட பிறகுதான் வண்டி வெளிக்கிடும்."

இப்போதும் நான் கணக்குப் பார்ப்பதைக் கண்டு வீட்டில் சிரிக்கிறார்கள், அவளும்தான். ஆனால் எங்கே புறப்பட்டாலும் தராசு ஏறிவிட்டதா என்று முதலில் கேட்பவள் அவளே, அப்படிக் கேட்கும்போதெல்லாம் என் பயம் ஒருமுறை அவளைக் கடல்வரை கூட்டிக்கொண்டு போனது என்று எனக்குள் பெருமையாக நினைத்துக்கொள்கிறேன்.