விற்பனைக்கு இல்லாத கல்

வெர்லீன் ஸ்டக்கியின் கடையில் கல்லறைக் கற்கள் விற்கிறோம். என் பெயர் டூலி. வெர்லீனோடு சேர்ந்து கல்லில் பேர் வெட்டுவது, அதை கிரேன் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் நட்டுவிட்டு வருவது என் வேலை. பத்தொன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன். கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்பவர்கள், பில்லின் அடியில் வரித் தொகையைப் பார்த்ததும் மூக்கைச் சிந்துவதை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வருவார்கள்.

போன வசந்தத்தில் ஹேடன் கிரம் தன் அம்மாவுக்குக் கல் வாங்க வந்தான். தீவனக் கடைக்காரன், வாய் நீளம்.

"செத்துப்போனவங்களுக்கும் வரியா, வெர்லீன்?"

"செத்தவங்களுக்கு இல்ல. கல்லுக்கு."

"எங்க மாமனார் கல்லுக்கு இவ்ளோ போடலியே நீ?"

"அவரு குன்று மேல இருக்காரு. அது ஊர் எல்லைக்கு வெளிய. உங்கம்மா ஊருக்குள்ள இருக்காங்க. கல்லு எங்க போயி நிக்குதோ அந்த இடத்து வரி. மாநிலத்துக்கு, கவுன்ட்டிக்கு, ஆம்புலன்ஸுக்கு, அப்புறம் ஊருக்கு."

"ஊர் வரின்னு டாலருக்கு அரை சென்ட் எதுக்கு?"

"நீச்சல் குளத்துக்கு. நீயும்தான ஓட்டுப் போட்ட?"

"எங்கம்மாவுக்கு நீந்தத் தெரியாதே!"

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். வெர்லீன் சிரிக்கவில்லை. கார்டு மெஷினை அவன் பக்கம் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். அதற்கு முந்தைய செப்டம்பரில் அவருடைய கணவர் ராய்ஸ் இறந்துபோனார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வெர்லீன் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. மதியம் முட்டை சாண்ட்விச் பாதி தின்றார், மீதியை மடித்துக் குப்பையில் போட்டார். அதற்கப்புறம் எல்லா நாளும் அதே பாதிதான். என்ன கேட்டாலும் "ஆங்" என்பார். பேச்சு காதில் விழுந்ததா என்று நமக்கே சந்தேகமாக இருக்கும்.

ராய்ஸின் தலைமாட்டில் கல் இல்லை. அடக்கம் செய்தவர்கள் குத்திவிட்டுப் போன தகர அட்டைதான் நின்றது. வெயிலில் அதன் எழுத்தும் போய்விட்டது. டைனர் உணவகத்தில் என் காதுபடவே பேசினார்கள்: "கல்லு கடைக்காரி, புருஷனுக்கு ஒரு கல்லு வைக்க மனசில்ல பாரு." எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வெர்லீன்மேல்தான் அதிகக் கோபம். ராய்ஸ் எனக்கு லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அந்தத் தகரத்தைத் தாண்டிப் போய் வேறு யாருக்கோ கல் நட்டுவிட்டு வரும்போதெல்லாம் லாரிக் கதவை அறைந்து சாத்துவேன். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ராய்ஸுக்கு எப்போ வைக்கப் போறீங்க?"

"பாக்கலாம்."

"பின்னாடி தார்ப்பாய்க்கு அடியில ஒரு சாம்பல் கல்லு சும்மாதான நிக்குது? அது நல்லாருக்கும்."

"அதத் தொடாத, டூலி."

குரல் உயரவில்லை. அதனாலேயே நான் லாரிப் பக்கம் போய்விட்டேன்.

வரி விஷயத்தில் வெர்லீனை விஞ்ச ஆள் கிடையாது. ஜார்ஜியாவிலிருந்து கல் வாங்கும்போது, விற்பதற்காக வாங்குகிறோம் என்று ஒரு சான்றிதழ் கொடுத்துவிடுவார். அதனால் வாங்கும்போது வரி இல்லை. விற்கும்போது வாங்குபவரிடம் வசூலித்து, மாதா மாதம் இருபதாம் தேதி மாநிலத்துக்கு அனுப்பிவிடுவார். ஆனால் நம் கையிருப்பிலிருந்து நாமே ஒன்றை எடுத்துக்கொண்டால் நாம்தான் கட்ட வேண்டும். ஒருமுறை என் வீட்டு வாசற்படிக்கு உடைந்த பலகைக் கல் ஒன்றை எடுத்துப்போனேன். அதற்கும் வெர்லீன் வரி கட்டினார். தபால் தலைகூட அதைவிட விலை அதிகம் என்று ராய்ஸ் கேலி செய்தார்.

இந்த அக்டோபரில் மாநிலத் தலைநகரிலிருந்து வரிக் கணக்கைத் தணிக்கை செய்ய ஒரு பெண் வந்தாள். பெல்க்னாப் என்று பெயர், முப்பது வயது இருக்கும். வாங்கிய பில், விற்ற பில், கையிருப்புப் பட்டியல் மூன்றையும் வைத்துக்கொண்டு ஒருநாள் முழுக்கப் பார்த்தாள். மறுநாள் காலை தலையைச் சொறிந்தாள்.

"மேடம், ஒரு கல்லு இடிக்குது. தொள்ளாயிரத்துப் பத்து டாலருக்கு வாங்கியிருக்கீங்க. விக்கல. ஆனா பட்டியல்லயும் இல்லயே?"

வெர்லீன் எழுந்து பின்பக்கம் நடந்தார். நாங்களும் போனோம். தார்ப்பாயை அவரே விலக்கினார்.

"ஓ, இங்கதான் இருக்கா!" என்றாள் அந்தப் பெண். நல்ல மனசுக்காரி, முகம் தெளிந்துவிட்டது. "பேர்கூட வெட்டல. பட்டியல்ல விட்டுப்போச்சு, சேத்துடறேன். வரி, அபராதம் ஒண்ணும் கிடையாது. விக்கறதுக்குத்தான மேடம்?"

வெர்லீன் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்தபடி கல்லையே பார்த்தார்.

"ஆமான்னு சொல்லுங்க, வெர்லீன்," என்றேன். அபராதத்திலிருந்து தப்பட்டும் என்றுதான் சொன்னேன். வேறு யோசனை எனக்கு ஓடவில்லை.

"இல்ல," என்றார். "விக்கறதுக்கு இல்ல."

அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். "அப்போ உங்களுக்குன்னு எடுத்து வச்ச தேதி வேணுமே, மேடம். வட்டி அன்னிக்கிலேருந்து."

"போன வருஷம் ஜூன் மூணு."

"ராய்ஸ் போனது செப்டம்பர்ல," என்று நான் குறுக்கிட்டேன்.

"எனக்குத் தெரியாதா? ஜூன் மூணாம் தேதி டாக்டரப் பாத்துட்டு வந்தோம். வீட்டுக்குப் போகல, நேரா இங்க வந்தாரு. இந்தக் கல்லத் தட்டிப் பாத்துட்டு, 'இது எனக்கு, வித்துடாத'ன்னாரு. பட்டியல்லேருந்து அவரு கையாலயே அடிச்சாரு. 'நமக்குன்னு எழுதினா வரி கட்டணும்யா, நான் எழுத மாட்டேன்'னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம்." வெர்லீன் தார்ப்பாயை மடிக்கத் தொடங்கினார். "ஒவ்வொரு இருபதாம் தேதியும் வரிப் படிவத்த எடுத்து வைப்பேன். எழுத மாட்டேன். எழுதினா அவரு போறதுக்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்னு இருந்துச்சு. போனதுக்கப்புறமும் கை வரல."

உள்ளே போய் மேஜையில் உட்கார்ந்தோம். அந்தப் பெண் படிவத்தைத் திருப்பி ஒரு கட்டத்தைக் காட்டினாள். வரி எழுபத்தொரு டாலர் நாற்பத்து நான்கு சென்ட், வட்டி தனி என்றாள். வெர்லீன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கட்டத்தின் தலைப்பைப் படித்தார்.

"'சொந்த உபயோகம்'னு போட்டிருக்கே. இது என்னோட உபயோகமா?"

"அப்படித்தான் மேடம் சொல்லுவாங்க."

"அவருக்குத்தான எடுத்து வச்சது? அவரோடதுன்னு எழுதக் கூடாதா?"

"அதுக்கு இடம் இல்ல, மேடம்." அந்தப் பெண்ணின் குரல் உள்ளே போய்விட்டது. "மன்னிச்சுக்குங்க."

வெர்லீன் தொகையை எழுதினார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டுக் குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். பதிமூன்று மாதத்தில் அன்றுதான் அழுதார். அந்தப் பெண் காகிதங்களைச் சேர்த்தெடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனாள். நான் வெர்லீன் மேல் பட்ட கோபத்தையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"பேர நான் வெட்டறேன், டூலி," என்றார் வெர்லீன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "பொறந்த தேதியும் நானே வெட்டறேன். இன்னொரு தேதிய மட்டும் நீ வெட்டிடு."