பி பிளாக், இரண்டாவது மாடி

வாக்குப்பதிவு அன்று காலை பத்து நாற்பதுக்கு என் மகள் டிவியில் வந்தாள். குரோம்பேட்டையில் எங்கள் குடியிருப்புக்குப் பின்புறமுள்ள பள்ளியில் தன் முதல் ஓட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தவளிடம் நிருபர் மைக்கை நீட்டியிருக்கிறார். படப்பையிலிருந்து மச்சான் அந்த வீடியோத் துண்டை அனுப்பினார். சத்தம் வைக்காமல் முகத்தை மட்டும் பார்த்தேன். உடனே குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். "எங்க பொண்ணு. பி பிளாக், ரெண்டாவது மாடி. முதல் ஓட்டு." இருநூறு வீடுகள்; பலருக்கு எங்களைத் தெரியாது.

ஏழெட்டுக் கட்டைவிரல்கள் வந்தன. பிறகு ஏ பிளாக்கில் ஒருவர் எழுதினார்: "ஆக மொத்தமா முடிவு பண்ணிட்டீங்க. நல்லது பாய்."

அப்போதுதான் சத்தம் வைத்துக் கேட்டேன். "எங்க வீட்ல எல்லாரும் உக்காந்து பேசினோம்" என்கிறாள். அதோடு வெட்டிவிட்டார்கள். கீழே, 'சிறுபான்மையினர் ஓட்டு ஒரே பக்கமா?' என்று ஓடியது. அவள் தலையில் முக்காடு இருந்தது, அது போதுமாயிருந்திருக்கிறது.

நாங்கள் பேசியது மழைக்காலத்தில் பார்க்கிங்கில் ஏறும் தண்ணீரைப் பற்றி. பேசி முடித்து மூவரும் மூன்று பக்கம் போனோம். நானும் மனைவியும் ஒரே சின்னத்தில் போட்டதாக நினைவே இல்லை. ஆனாலும் வாக்காளர் பட்டியலோடு வரும் ஒரு கட்சிக்காரர்கள் எங்களைக் கேட்காமலே தங்கள் ஓட்டென்று டிக் போடுவார்கள்; இன்னொரு கட்சிக்காரர்கள் பெயரைப் பார்த்துவிட்டு மணி அடிக்காமல் தாண்டிப் போவார்கள். அதெல்லாம் பழகிப்போனது.

பதிவை அழித்தேன். அதற்குள் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டார்கள். தாம்பரத்து உறவினர் ஒருவர் வழியாக அது எனக்கே திரும்பி வந்தது: அவள் முகம், மேலே குரூப் பெயராக எங்கள் குடியிருப்பு, கீழே பிளாக், மாடி; 'எங்க பொண்ணு' என்பதும் என் பெயரும் மட்டும் வெட்டப்பட்டிருந்தன. அடியில் முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருந்ததை இங்கே எழுத முடியாது. டிவிக்காரர்கள் எங்கள் தெருவைக்கூடச் சொல்லவில்லை. சொன்னது நான்.

வாக்குச்சாவடிக்குள் போன் கூடாது என்பதால் அவள் போனைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஓட்டுப் போட்டதும் தோழிகளோடு பொத்தேரிக்குப் போய்வருவதாகச் சொல்லியிருந்தாள். போன் மேசையில் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எண்ணையும் எங்கிருந்தோ எடுத்திருந்தார்கள்; எல்லாம் தெரியாத எண்கள். நான் வாசல் கேட்டுக்கு இறங்கிப் போய் வாட்ச்மேன் பக்கத்தில் நின்றேன். மனைவி பால்கனியிலிருந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை மணிக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு தோழிகளுக்கு நடுவே அவள், முகத்தில் யாரோ கொடுத்த மாஸ்க். தோழிகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என் அருகில் வந்தாள்.

"அத்தா, நம்ம வீட்டு விலாசத்த யார் போட்டதுன்னு இவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க," என்றாள். "நீங்கதான்னு நான் சொல்லல."